ஏழாம் எண் துண்டு

மோன்பெய்ரா ஊரில் மார்ச் மாதத்து மூடுபனி காலையில் வந்து உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்காது. மாதா கோவில் மணி பன்னிரண்டு அடிக்கும். கோபுரம் தெரியாது, சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வரும். அந்தச் சத்தத்தோடு வெங்காயம் வதங்கும் வாசனையும் வரும். கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசனையின் பின்னால் நடந்தால் போதும், நேராக ஒர்தான்ஸ் அம்மாவின் சாப்பாட்டுக் கடைக் கதவில் போய் முட்டிக்கொள்ளலாம்.

அனிசே முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் நடந்தார்.

ஊராட்சியில் சாலை வேலை அவருக்கு. கோடையில் ஓரத்துப் புல்லை வெட்டுவார். இலை கொட்டும் காலத்தில் வடிகால் வாருவார். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்ப் பாதை திறந்து வைப்பார். அந்த மேட்டு நிலத்துச் சாலைகளுக்கு எண் உண்டு, பலகை உண்டு. அனிசேக்கு அதெல்லாம் நினைவில் நிற்காது. ‘வாத்துக் கறி வீட்டு வளைவு’, ‘அக்ரூட் கேக் இறக்கம்’, ‘நல்ல சீஸ் கிடைக்கிற பாலம்’ என்றுதான் சொல்வார். மேலதிகாரி ஒருவர் புதிதாக வந்தபோது இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். ஒரு வருஷத்தில் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார், இடுப்பும் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது.

மனைவி ரோசின் இறந்தபோது மகள் ஒதிலுக்கு ஒன்பது வயது. அனிசேக்கு முட்டை உடைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒரு வாரம் இரண்டு பேரும் முட்டையே தின்றார்கள். எட்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒர்தான்ஸ் அம்மாவின் கடைக்குள் நுழைந்தார். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் இருந்த நீள மேஜையில், தபால்காரர் பாசிலுக்கும் கொத்தனார் உர்பேனுக்கும் நடுவே இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். மறுநாள் சுவரில் ஏழாம் எண் பெட்டியில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது.

அந்தக் கடைச் சுவரில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் பன்னிரண்டு. தினமும் சாப்பிட வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று. அதில் அவரவர் வாய் துடைக்கிற வெள்ளைத் துண்டு, மூலையில் சிவப்பு நூலில் எண். திங்கள் முதல் வெள்ளி வரை அதே துண்டு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அம்மா எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை திரும்ப வைப்பார். வெளியூர்க்காரர்களுக்கு ஜன்னல் பக்கத்து மேஜை, காகிதத் துண்டு. பெட்டியில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு நடு மேஜை. யாராவது தன் துண்டைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினால் அதற்கு ஒரே அர்த்தம்: இனிமேல் உன் சாப்பாடு எனக்கு வேண்டாம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கறிக்கடைக்காரர் ஒருவர் அப்படி எடுத்துப்போய் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இன்னும் அடுத்த ஊருக்குப் போய்த்தான் சாப்பிடுகிறார், மழை பெய்தாலும்.

ஒதிலுக்குத் தனிப் பெட்டி கிடையாது. அப்பாவின் துண்டில் ஒரு மூலை அவளுடையது. அதில் வாயைத் துடைத்துக்கொண்டு, மேஜையிலேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, பாசில் சொல்லும் பொய்க்கதைகளைக் கேட்டுக்கொண்டு அந்தக் கடையில்தான் வளர்ந்தாள்.

அவள் இப்போது மாவட்டத் தலைநகரில் கணவன் ரெமியோடு இருக்கிறாள். இரண்டு முறை வயிற்றில் தங்கித் தங்காமல் போனது. மூன்றாவது தடவை தங்கியபோது அப்பாவிடம் சொன்னாள்: “யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கப்பா. உங்க மேஜைக்காரங்ககிட்டகூட.” அனிசே மூச்சு விடவில்லை. ஏழு மாதம் அந்தச் செய்தியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டே சூப் குடித்தார். குடித்து முடித்ததும் கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய சூப்பில் கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிண்ணத்துக்குள் முகம் மறைந்திருக்கும் அந்த நேரத்தில் மட்டும் அவர் சிரித்துக்கொள்வார். யாருக்கும் தெரியாது.

பிரச்சினை பருப்பில் ஆரம்பித்தது.

ஒரு புதன்கிழமை. பன்றி இறைச்சியோடு வேகவைத்த பச்சைப் பருப்பு. ஒரு வாய் வைத்ததும் அனிசே சொன்னார்: “மொதலாளியம்மா, இந்தப் பருப்பு நேத்து கடலுக்குப் போயி குளிச்சுட்டு வந்துச்சா?”

மேஜையே சிரித்தது. பாசில், “உப்புக் காத்து அடிக்குதுன்னு பாத்தேன்!” என்று எடுத்துக்கொடுத்தார். ஒர்தான்ஸ் அம்மா சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் வியாழக்கிழமை. சாப்பாடு முடிந்து சீஸ் பலகை வருகிற நேரம். அனிசேயின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ரெமியிடமிருந்து நாலு வார்த்தை: வலி வந்துவிட்டது, உடனே வாருங்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே! எழுந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். கழுத்துக் காலரில் செருகிய துண்டோடு அப்படியே வெளியே நடந்து, வண்டியை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நடையில் ஒதில் பேரைச் சொன்னதும் ஒரு நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன தாத்தா, சாப்பாட்டுக்கா வந்தீங்க?”

அப்போதுதான் குனிந்து பார்த்தார். கழுத்தில் ஏழாம் எண் தொங்கிக்கொண்டிருந்தது. ‘தாத்தா’ என்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. “பொறந்திருச்சா?” என்றார். “பொறந்திருச்சு. பொண்ணு. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கு, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கா, ஆனா கத்துறது மட்டும் சேவல்” என்றாள்.

நினோன் என்று பேர் வைத்தார்கள். இரண்டு கிலோ நூறு கிராம். குழந்தைப் பக்கத்தில் அம்மா மேல் பட்ட துணி ஒன்றை வைத்தால் நல்லது, வாசனை பழகும் என்றாள் நர்ஸ். ஒதில் அப்பாவின் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கி மூக்கில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. “இது போதும்” என்றாள். நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். “இதுல வெங்காய வாடை அடிக்குதேம்மா!” கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் கொடுத்தாள். ஒதில் அதை ஓர் இரவு முழுக்கத் தன் நெஞ்சில் வைத்திருந்தாள். பிறகு அது கண்ணாடிப் பெட்டிக்குள் போனது.

பதினெட்டு நாள் அனிசே அந்த நகரத்திலேயே இருந்தார். பேத்திக்கு ஆபத்தில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊர் திரும்பினார். வழியெல்லாம் சாலை அவருக்குக் கீழே ஓடவில்லை, மிதந்தது. வேலிக் கம்பிகளில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. புல்வெளியில் மஞ்சள் பூ ஒன்றிரண்டு தலை காட்டியிருந்தது. மேஜையில் உட்கார்ந்து, சூப் வந்ததும், கிண்ணத்தைத் தூக்கும் முன்னால், சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ‘எனக்குப் பேத்தி பொறந்திருக்கு.’ பாசில் என்ன சொல்வார், காது மந்தமான உர்பேன் தலையைத் திருப்பி ‘என்ன, என்ன?’ என்று எப்படிக் கேட்பார் என்பதையெல்லாம் வண்டிக்குள்ளேயே நடித்துப் பார்த்தார். தெருவில் இரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள். அவர்களிடம் சொல்லவில்லை. முதலில் மேஜைக்குத்தான்.

திங்கட்கிழமை மணி அடித்தது. அனிசே கதவைத் தள்ளினார்.

“வாங்க ஐயா” என்றார் ஒர்தான்ஸ் அம்மா. “எத்தனை பேரு?”

அனிசே திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

“நான்தான்” என்றார்.

“ஒருத்தரா? இப்படி வாங்க ஐயா, ஜன்னல் பக்கம். வெளிச்சம் நல்லா வரும்.”

முப்பத்தொரு வருஷத்தில் அந்த அம்மா அவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டதில்லை. ‘அனிசே, காலைத் தொடச்சுட்டு வா’ என்பார், ‘உனக்கு என்ன, இன்னொரு கரண்டியா?’ என்பார். இப்போது பூப்போட்ட விரிப்பு போட்ட மேஜை. மடித்த காகிதத் துண்டு. கையில் உணவுப் பட்டியல். அப்படி ஒரு அட்டை அந்தக் கடையில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

சுவரைப் பார்த்தார். ஏழாம் பெட்டியில் துணி உலர்த்துகிற கிளிப்புகளைக் கொட்டி வைத்திருந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. துண்டைத் தானே எடுத்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர் ஆகியிருந்தார்.

நடு மேஜையில் பாசில் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். உர்பேன் ஒரு தடவை நிமிர்ந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, ரொட்டியை வைத்து அடைத்துக்கொண்டார்.

சூப் வந்தது. கிண்ணத்தில் இல்லை, விளிம்பு வைத்த சப்பைத் தட்டில். ஒயின் ஊற்றித் தூக்கிக் குடிக்க முடியாத தட்டு. சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பன்றிக்கொழுப்பு வறுத்துப் போட்ட காட்டுக்கீரை, ஐந்து மணி நேரம் அடுப்பில் கிடந்த மாட்டுக்கறி, எல்லாம் அளவாக, பதமாக. உப்பு துல்லியமாக இருந்தது. அந்தத் துல்லியம்தான் அவரை அதிகம் குத்தியது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ‘பேத்தி பொறந்துச்சு, அதான் ஓடினேன்’ என்று ஒரு வரி. ஆனால் ஏழு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு சாக்காக எடுத்து நீட்ட அவருக்கு மனசு வரவில்லை. நினோன் ஒரு சாக்கு இல்லை. முதலில் துண்டு திரும்பி வரட்டும். துவைத்து, மடித்து, அந்த அம்மா கையில் கொடுத்து இடத்தை வாங்கிவிட்டு, அப்புறம் சந்தோஷமாகச் சொல்லலாம் என்று முடிவு பண்ணினார். செவ்வாயும் ஜன்னல், புதனும் ஜன்னல். வாங்க ஐயா, போங்க ஐயா.

வியாழக்கிழமை ரொட்டிக் கடை வாசலில் உர்பேன் அவரை மடக்கினார்.

“யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க? ஒரு பருப்புக்கா துண்டைத் தூக்கிட்டுப் போவ?”

“பருப்புக்கு இல்லய்யா.”

“என்ன?”

“பருப்புக்கு இல்லன்னேன்!”

“பின்ன எதுக்கு? அந்தம்மா ரெண்டு நாளு அடுப்பே பத்த வைக்கலை, தெரியுமா? பாசில் ரெண்டு நாளும் சார்டின் டப்பா தின்னான். அவன் பேச்சைக் கேக்கணுமே! போயி துண்டைக் குடுத்துட்டு காலைக் கையைப் பிடி. பக்கத்துல ஒன் இடம் காலியாக் கெடக்கு, எனக்கு இந்தப் பக்கம் காத்தடிக்குது.”

சனிக்கிழமை அனிசே மகள் வீட்டுக்கு வண்டியை விட்டார். துண்டைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒதில் கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே மெல்லிய வெயில். திரைச்சீலை மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. தொட்டிலில் நினோன் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்துக்குக் கீழே அந்தத் துண்டு. பட்டாணி அளவு விரல்கள் சிவப்பு நூலில் சிக்கியிருந்தன. அனிசே குனிந்தார். பால் வாசனை, சோப்பு வாசனை. அதற்கும் அடியில் எங்கோ, அத்தனை வெந்நீருக்கும் போகாத அந்த அடுப்பு வாசனை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

“ஏதாச்சும் வேணுமாப்பா?” என்றாள் ஒதில்.

“ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்.”

“அது இல்லாட்டி தூங்கவே மாட்டேங்குறாப்பா. துவைக்க எடுத்தாக்கூட அழறா.”

“அப்ப எடுக்காத” என்றார் அனிசே. சொல்லிவிட்டு, இரண்டு துண்டு கேக் தின்றுவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். சாலையில் வெளிச்சம் வெண்ணெய் நிறத்தில் கிடந்தது. இனிமேல் அந்த நடு மேஜை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். வலித்தது. ஆனாலும் அந்தப் பட்டாணி விரல்களைப் பிரிக்க அவரால் முடியாது.

திங்கட்கிழமை மணி அடித்தபோது ஜன்னல் பக்கம் போகவில்லை. நடு மேஜைக்கும் போகவில்லை. நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றார். அந்த வாசலை யாரும் தாண்டுவதில்லை. அவரும் தாண்டவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றார். ஒர்தான்ஸ் அம்மா பெரிய அண்டாவில் மசித்த உருளைக்கிழங்கையும் இளம் சீஸையும் போட்டு மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார்.

“ஜன்னல் மேஜை காலியாத்தான இருக்கு ஐயா.”

“மொதலாளியம்மா, துண்டு வராது.”

துடுப்பு நின்றது.

“நான் கேக்கலையே ஐயா.”

“தெரியும். இருந்தாலும் சொல்லணும்ல. அன்னைக்கி நான் எடுத்துட்டுப் போகலை. கழுத்துல கெடந்ததே தெரியலை. ஒதிலுக்கு வலி வந்திருச்சுன்னு போன் வந்துச்சு, ஓடிட்டேன். பொண்ணு பொறந்திருக்கு. மாசம் முழுசா ஆகலை. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க.” மூச்சு வாங்கினார். “அது பக்கத்துல ஒங்க துண்டைத்தான் வெச்சாங்க. இப்ப அது இல்லாட்டி தூங்க மாட்டேங்குது. சனிக்கிழமை கேக்கத்தான் போனேன், கேக்க முடியலை. அதான். நான் இனிமே ஜன்னல் பக்கமே உக்காந்துக்கறேன்.”

அந்த அம்மா அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சீஸ் மெதுவாகக் கொப்புளித்தது.

“எந்த ஒதிலு?” என்றார். “நம்ம ஒதிலா? அந்த மேஜையில மை கொட்டுனவளா?”

“அவதான்.”

“அவளுக்கா கொழந்த!” முகத்தைத் திருப்பி முழங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று கோபம் வந்துவிட்டது. “ஏய்யா, அறிவிருக்கா ஒனக்கு? வியாழக்கிழமைத் துண்டு! நாலு நாளு ஒன் மீசையைத் துடைச்ச துண்டு! அதையா பச்சைக் கொழந்தைக்குக் குடுப்ப?”

“நர்சு வெந்நீர்ல போட்டுத்தான்…”

“என்ன வெந்நீரு! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புதுசு தச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?” துடுப்பை அவர் பக்கம் நீட்டினார். “ஒண்ணு மட்டும் சொல்லு. பொய் சொன்னா இந்த அண்டாவுலயே முக்கிடுவேன். அன்னைக்கிப் பருப்புல உப்பு கூடவா?”

அனிசே தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கூடத்தான் மொதலாளியம்மா.”

“எனக்கும் தெரியும்” என்றார் அம்மா. “ரெண்டு தடவை போட்டுட்டேன். போ, போயி ஒன் எடத்துல உக்காரு. நிக்காத, சீஸ் இறுகிப்போயிரும்.”

அனிசே திரும்பியபோது நடு மேஜை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. உர்பேன் மட்டும் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “என்ன சொன்னான்? யாருக்கு வலி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இவன் தாத்தா ஆயிட்டான்யா!” என்று பாசில் அவர் காதில் கத்தினார். “இத்தனை மாசமா நம்ம நடுவுல உக்காந்து சூப்பு குடிச்சுக்கிட்டே மறைச்சிருக்கான், திருட்டுப் பய! நான் ஊர்க் காகிதம் பூரா சொமக்குறேன், எனக்கே தெரியலை!”

எல்லோரும் எழுந்து வந்து அனிசேயின் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தமிட்டார்கள். அதே மேஜையில் சாப்பிடும் பால் வண்டிக்காரர் தன் ஒயினை அவர் தம்ளரில் ஊற்றினார். அனிசே உட்கார்ந்தார். அவர் நடித்துப் பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“எவ்ளோ கனம்?” என்றார் உர்பேன். கொத்தனார், அவருக்கு எதுவும் கனத்தில்தான் புரியும்.

“ரெண்டு கிலோ நூறு. பொறந்தப்ப.”

“அது எவ்ளோ இருக்கும்?”

ஒர்தான்ஸ் அம்மா சமையலறையிலிருந்து அன்றைய பெரிய உருண்டை ரொட்டியைக் கொண்டுவந்தார். தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். “ரெண்டு கிலோ எம்பது. அவளைவிட ஒரு வாய் கம்மி. பாத்துப் புடி” என்று உர்பேன் கையில் வைத்தார்.

உர்பேன் இரண்டு கையாலும் வாங்கினார். ரொட்டி இன்னும் இளஞ்சூடாக இருந்தது. சுண்ணாம்பு ஏறிய அந்தப் பெரிய கைகள் தானாகவே வளைந்து தொட்டிலாகிவிட்டன. “அடேயப்பா” என்றார், மெதுவாக. பாசிலிடம் கொடுத்தார். பாசில் வாங்கும்போது, “தலையைப் புடிய்யா, தலையைப் புடி” என்று பால் வண்டிக்காரர் அதட்டினார். அவரிடமும் போனது. எதிரே இருந்த மாட்டு வைத்தியர் கன்றுக்குட்டியைத் தூக்குகிற பழக்கத்தில் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்படியே மேஜையைச் சுற்றி வந்து அனிசேயின் மடியில் சேர்ந்தது. மூடுபனி விலகி, ஜன்னல் வழியாக வெயில் மேஜை வரை நீண்டிருந்தது.

சூப் வந்தது, கிண்ணங்களில். ஆவி பறந்தது. ஒர்தான்ஸ் அம்மா கத்தியை அனிசே முன்னால் வைத்தார். “வெட்டுய்யா. ஆறுது.”

அனிசே கத்தியை எடுத்தார். மடியிலிருந்ததைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு பாசிலைப் பார்த்தார். பாசில் உர்பேனைப் பார்த்தார். உர்பேன், “என்னைப் பாக்காத, என்னால ஆகாது” என்றார்.

அன்று மோன்பெய்ராவில், நடு மேஜைக்கு வந்திருந்த ஐந்து பேரும் ரொட்டி இல்லாமலே சூப் குடித்தார்கள்.